துரையின் மூன்று நிமிட நடை

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதச் சொன்னது எங்கள் நாய்ச் சங்கத்தின் ஆண்டுமலர்க் குழு. பக் இன நாய்களைக் காப்பதற்கென்று ஏற்பட்ட சங்கம் அது. “நாய் வளர்க்கும் மகிழ்ச்சி பற்றி இரண்டு பக்கம், சோகம் வேண்டாம்” என்றார்கள். கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது. போடாவிட்டால் போகட்டும்.

2.
முதல் தொடக்கம்: “அழகான ஒரு காலையில், சப்பை மூக்கும் உருண்டைக் கண்ணுமாகத் துரை…”

(அடித்துவிட்டேன். சப்பை மூக்கை அழகு என்று எழுதி எழுதித்தான் இந்த நிலைமை. படைத்தவன் மூக்கைக் கொடுத்தது மூச்சு விட. தலைமுறை தலைமுறையாகச் சப்பை மூக்குகளையே பொறுக்கியெடுத்து இணைசேர்த்து அதைத் தேய்த்தவர்கள் நாம்.)

இரண்டாவது தொடக்கம், நடந்தது நடந்தபடியே: சங்க அலுவலகத்தின் நீண்ட தாழ்வாரத்தில் துரை நடந்தான். மூன்று நிமிடம். நேரம் பார்த்தவன் நான். நடைக்கு முன்பும் பின்பும் மருத்துவர் அவன் தொண்டையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார். தேறினால்தான் இனப்பெருக்கப் பட்டியலில் பெயர் இருக்கும்.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர். கண்காட்சியில் மூன்று முறை முதல் பரிசு வாங்கிய துரை அவருடைய நாய். பதிவேட்டில் முடிவை எழுதுகிறவள் அவருடைய உடன்பிறந்த தங்கை.

3.
மருத்துவர் காதிலிருந்து கருவியை எடுத்தார். “கரகரப்பு ரொம்ப அதிகம். தேறல சார்.”

“அது அவனோட குரல் டாக்டர்” என்றார் தலைவர். “பொறந்ததுல இருந்தே இப்படித்தான் பாடுவான்.”

“பாடல சார். காத்துக்குக் கெஞ்சறான்.”

தலைவர் தங்கையிடம் திரும்பினார். “என்னம்மா, அதுக்குள்ள பேனாவ எடுத்துட்ட?”

“எழுதணுமே அண்ணா.”

“அடுத்த வாரம் இன்னொரு தடவ நடக்க வைக்கலாம். வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும்.”

“போன வருஷம் தபால்காரரும் இதையேதான் கேட்டாரு. சட்டம்னா சட்டம்தான்னு அவர் நாயைப் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொன்னது யாரு?”

“அவரும் நானும் ஒண்ணா?”

“மூக்கு ஒண்ணுதானே அண்ணா.”

மருத்துவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

தலைவர் சிரிக்கவில்லை. “எழுதிக்கோ. எழுதிட்டு இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காத.”

(பெற்றோர் போன பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வாசல்தான். அது தெரிந்தே சொன்னார்.)

4.
தங்கை வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனை எதிர்த்து

(பாதியில் விட்டேன். அவள் எதிர்த்தது அண்ணனை அல்ல. அந்தக் கரகரப்பை.)

தலைவரையும் ஒரு வரைவில் வில்லனாக எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.*

* கோடையில் மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள இடத்தைத் துரைக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் வெறுந்தரையில் படுக்கிறவர் அவர். அன்பில் குறையில்லை. திணறலைப் பாட்டாகக் கேட்டுப் பழகிய காதுதான் கெட்டுப்போயிருக்கிறது.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அவள் ‘தேறவில்லை’ என்று எழுதினாள். பிறகு ஒரு துண்டை நனைத்து வந்து, தரையில் உட்கார்ந்து, துரையின் கழுத்திலும் வயிற்றிலும் ஒற்றினாள். அவன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“நீ அப்பாவாகாட்டி பரவால்லடா தங்கம். இன்னொரு குட்டி இப்படித் தவிக்க வேணாம்.”

எழுந்து பதிவேட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினாள். உரிமையாளர் கையெழுத்திட அதில் ஒரு கட்டம் உண்டு. கையெழுத்து இல்லாவிட்டாலும் முடிவு அறிவிப்புப் பலகையில் ஏறிவிடும். கட்டம் மட்டும் காலியாக இருக்கும்.

தலைவர் துரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கட்டம் காலி.

5.
முடிவு ஒன்று: வாசல்வரை போனவர் கண்கலங்கித் திரும்பி வந்து கையெழுத்திடுகிறார். (மலர்க்குழுவுக்கு இது பிடிக்கும். மனிதர்கள் மனம் இளகுவார்கள் என்று நம்புகிறவன்தான் நான். ஆனால் அவருக்குப் பதிலாக நான் இளக முடியாது.)

முடிவு இரண்டு: தலைவர் தன் ஆட்களோடு பிரிந்து, நடைச் சோதனையே இல்லாத வேறொரு சங்கம் தொடங்குகிறார். (எழுத மாட்டேன். நானே யோசனை கொடுப்பானேன்?)

முடிவு மூன்று, மலர்க்குழு திருத்தி அனுப்பியது: ‘தேறவில்லை’ என்பதை ‘மீண்டும் சோதிக்கப்படும்’ என்று மாற்றச் சொல்கிறார்கள். ஒரு சொல்தானே என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் ஒரு வீட்டைக் கொடுத்திருக்கிறாள். மாற்ற மாட்டேன்.

6.
துரை இப்போது பட்டியலில் இல்லை. அதை இனி யாரும் திருத்த முடியாது. அண்ணன் வீட்டுக் கதவு தங்கைக்குத் திறக்குமா என்பது மட்டும்தான் பாக்கி. அதை எழுதும் வேலையை உங்களிடம் தருகிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். “மூக்கு நல்லா சப்பையா இருக்கணும் சார்” என்று தலைவருக்குப் போன் செய்து குட்டி கேட்டவர் நீங்கள்தான். அடுத்த முறை “அப்பா நாய் நடையில தேறிச்சா?” என்று கேளுங்கள். உங்களில் பத்துப் பேர் கேட்டால்கூடப் போதும். தங்கை அன்று என்ன செய்தாள் என்று அவருக்கு விளங்கலாம். விளங்காமலும் போகலாம்.

அதுவரை அவள் வேலைக்குச் சுற்றுவழியில் போய்வருகிறாள். நேர்வழியில் போனால் அண்ணன் வீட்டு ஜன்னலில் துரையின் மூச்சு கேட்கும், கால் நின்றுவிடும் என்கிறாள்.