முப்பத்தாறு அங்குலம்

அந்த இரண்டு நாளும் விடுதியின் ஐந்தாம் மாடி அறையில் இருந்தவர்கள் நானும் என் மகளும்தான். சாவி கொடுத்த வரவேற்புப் பெண் ஒரு தடவையும், விரிப்பு மாற்றும் அம்மாள் ஒரு தடவையும் வாசல்வரை வந்து போனார்கள். என் நாத்தனார் அங்கே இல்லை. அவள் முந்நூறு மைலுக்கு அப்பால் தன் வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னிடம் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் தையற்காரி. நாற்பத்தைந்து வருஷமாகக் கோட்டு தைக்கிறேன். கணவர் போன பிறகும் கடைப் பலகையிலிருந்து அவர் பெயரை எடுக்கவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இடுப்பில் தொங்குகிற கோட்டையோ கக்கத்தில் பிடிக்கிற கோட்டையோ ஒருநாளும் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

என் மகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்கு வெளியூர் போனாள். "நீ ஆளுக்கு அளவெடுக்கறே, நான் கட்டடத்துக்கு எடுக்கறேன். ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்பாள். ஒன்றல்ல, ஆனால் நான் வாதாடவில்லை. ஒரு வழக்கத்தை மட்டும் நாங்கள் விட்டதே இல்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளுக்கு ஒரு கோட்டு. நான் டேப்பைப் பிடித்து அளவு சொல்வேன். அவள் கடை நோட்டில் எழுதிக்கொள்வாள். ஏழு வயதில் எண் எழுதப் பழகியதிலிருந்து அப்படித்தான்.

நாற்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முன் போன் செய்தாள். "இந்தத் தடவை நான் வரலம்மா. நீ கிளம்பி வா. ரெண்டு நாள் ரூம் போட்டு ஊர் சுத்தலாம்."

"கடையை யார் பாப்பா?"

"பூட்டு பாத்துக்கும். டேப்பும் நோட்டும் எடுத்துட்டு வா."

பேருந்து நிலையத்தில் ஏதோ ஒரு தடித்த கம்பளிச் சட்டைக்குள் நின்றிருந்தாள். "என்னடி இது, பழந்துணி மூட்டை மாதிரி?" என்றேன். "குளிருதும்மா" என்றாள். அன்று குளிரவில்லை. கதவைத் திறந்து உள்ளே வருகிறவரின் தோளைப் பார்த்தே எத்தனை துணி வேண்டும் என்று சொல்லிவிடுகிறவள் நான். அவள் தோளையும் பார்த்தேன். சட்டையின் குற்றம் என்று வைத்துக்கொண்டேன்.

விடுதி லிஃப்டில் ஏறுமுன் உள்ளே ஒட்டியிருந்த சோதனைச் சீட்டைப் படித்தாள். "போன மாசம்தான் பாத்திருக்காங்க. கையெழுத்தப் பாரு, என்ன அழகு! இவன் வேலையும் சுத்தமாத்தான் இருக்கும். பயப்படாம ஏறு" என்றாள்.

மறுநாள் அவள் பிறந்தநாள். காலையில் என்னை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். மூன்றாம் மாடியில் முந்நூறு வருஷத்துப் பழைய உடைகள் இருக்கின்றன, அதன் தையலை நான் பார்க்க வேண்டுமாம். அங்கே லிஃப்ட் ஓடவில்லை. படியேறினோம். முதல் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"லிஃப்ட்காரி படியில உக்காந்தா ஊரே சிரிக்கும். யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள், மூச்சு வாங்க.

"காலையில கோழி கொத்தற மாதிரி கொத்திட்டு எழுந்தா இப்படித்தான் ஆகும்."

"நீ போய்ப் பாத்துட்டு வாம்மா. நான் இங்கேயே இருக்கேன்."

"செத்தவங்க சட்டையப் பாத்து எனக்கு என்ன ஆகப்போகுது" என்றேன். சொன்னது நான்தான்.

மத்தியானம் அறைக்குத் திரும்பினோம். அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். நோட்டை இடது கையில் விரித்து, பேனாவைத் திறந்துகொண்டாள். முதுகைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து மார்பில் சேர்த்தேன். வழக்கமாக விரல் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தொன்றரையில் நின்றது.

"சொல்லும்மா."

"முப்பத்தாறு."

அவள் எழுதவில்லை. "டேப்பப் பாத்துச் சொல்லு."

"எனக்கே டேப் பிடிக்கச் சொல்லித் தர்றியா? முப்பத்தாறு. எழுது."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். இடுப்பு, கை, முதுகு எல்லாவற்றுக்கும் போன வருஷத்து அளவுகளையே சொன்னேன். அவை எனக்கு மனப்பாடம். முடித்து டேப்பைச் சுருட்டியதும் சொன்னாள்: "டாக்டர் இந்த வருஷத்தத் தாண்டறது கஷ்டம்னுட்டார்மா. இதை நேர்ல சொல்லத்தான் உன்ன வரச் சொன்னேன்."

"பிறந்தநாள் அதுவுமா ஆஸ்பத்திரி பேச்சு எதுக்கு? எங்க அம்மா வழியில எண்பதுக்கு முன்னால யாரும் படுத்ததில்ல."

"எனக்கு அந்தப் பெருமையெல்லாம் வேண்டாம்மா. கடையில எதை வாங்கிப் போட்டாலும் என்மேல தொங்குது. இந்தக் கோட்டாவது சரியா இருக்கட்டும். நான் இப்ப எப்படி இருக்கேனோ அப்படியே தைச்சுக் குடு."

"தேறிடுவே. அப்புறம் கோட்டு கக்கத்துல பிடிக்குதுன்னு எங்கிட்டதான் வந்து நிப்பே."

விடுதியில் எங்களுக்குள் சண்டை என்று நாத்தனார் சொல்வது உண்மை. அரை மணி நேரம் நடந்தது. சத்தம் போட்டது நான் மட்டும். சாயங்காலம் கேக் வெட்டி முதல் துண்டை எனக்கு ஊட்டினாள்.

ஊர் திரும்பி, கருநீலக் கம்பளித் துணியை மேசையில் விரித்து, நோட்டைத் திறந்தேன். பேனாவில் எழுதிய முப்பத்தாறுக்குக் கீழே பென்சிலில் பொடியாக முப்பத்தொன்றரை என்று எழுதியிருந்தாள். டேப்பைக் கண்ணாடியில் படித்திருக்கிறாள். இடுப்புக்கும் கைக்கும் அப்படியே, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பென்சில் எண். இரண்டும் என் கண்ணெதிரே இருந்தன. நான் பேனா எண்ணுக்கு வெட்டினேன்.

பார்சல் கிடைத்த அன்று போன் செய்தாள். "வளர்ற பிள்ளைக்குத் தைச்ச மாதிரி தைச்சிருக்கியேம்மா" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. உடம்பளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மத்தியான வேலை. அவள் கேட்கட்டும் என்று நான் இருந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அவளை அனுப்பினோம். அவள் விருப்பம் அது. தோள் தையல் முழங்கைப் பக்கம் சரிந்து கிடந்தது. முதுகுப் பக்கம் நான்கு குண்டூசி குத்தியிருந்தால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஊசி என் பையில்தான் இருந்தது. குத்தவில்லை. ஒரு தடவை பொய்யளவு சொன்னது போதும்.

தையற்காரி வீட்டுப் பெண்ணை இரவல் கோட்டில் அனுப்பினார்கள் என்று நாத்தனார் சொல்லிக்கொண்டு திரிகிறாள். தவறு. அது இரவல் கோட்டு அல்ல. என் மகளுக்கென்று நானே வெட்டி, நானே தைத்தது. பொத்தான் துளைகூட என் கைவேலை. அளவுதான் பொய். அதைச் சொன்னவளும் நானே.