எட்டாவது இலக்கம்

கலீலுர் ரஹ்மான் பாய் என் அறைக் கதவைச் சாத்தியது 2009 மே பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, மாலை நாலேகால் மணிக்கு. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அதற்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த பேப்பர் கட்டைக் காலால் தள்ளிவிட்டுத்தான் சாத்த முடிந்தது.

"ரெண்டாயிரத்து நாலு, சைப்ரஸ் ஃபைலு இருக்கா தம்பி?"

"இருக்கு பாய். பதினேழாம் நம்பர் பாக்ஸ்."

"இருக்கும்னு தெரியும். நீ தும்முனாக்கூட நம்பர் போட்டு ஃபைல் பண்ற ஆளாச்சே."

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அவர் எங்கள் மேனேஜர், கூத்தாநல்லூர்க்காரர். நான் கடிதங்களுக்கும் இறக்குமதி பேப்பர்களுக்கும் பொறுப்பான கிளார்க். குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது கம்பெனி. வஃப்ரா, அப்தலி பக்கத்துப் பண்ணைகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிறோம். முதலாளி அபு மிஷாரி அந்தச் சனிக்கிழமை நடக்கவிருந்த நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர். காஸாவில் குண்டு விழுந்து ஓய்ந்து நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் பிறகுதான். வேட்பாளர் முதலில் காஸாவைப் பேசியாக வேண்டும், அதையும் தொண்டை அடைக்கப் பேச வேண்டும். எங்கள் முதலாளியின் தேர்தல் கூடார வாசலில் இடிந்த வீடு ஒன்றின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. அதைத் தாண்டி வந்த ஒருவர்தான் முந்தின நாள் கூட்டத்தில் எழுந்து, "நீ விற்கும் குழாய் எங்கே செய்தது?" என்று கேட்டாராம். கேட்டவர் பதிலுக்குக்கூட நிற்காமல் உட்கார்ந்துவிட்டாராம்.

பதில் பதினேழாம் பெட்டியில் இருந்தது. நான் அனுப்பும் ஒவ்வொரு ஆர்டரின் கடைசியிலும் ஒரு வாக்கியம் உண்டு: சரக்கு இஸ்ரேலில் செய்யப்பட்டதல்ல, கப்பல் அங்கே நிற்காது. இந்த நாட்டுச் சட்டம் அது, மீறினால் ஜெயில். 2004இல் சைப்ரஸிலிருந்து வந்த சரக்கில் உள்சாக்கு ஒன்றின் மேல் எனக்குத் தெரியாத எழுத்தில் மூன்று வரி இருந்தது. எங்கள் எகிப்திய ஸ்டோர்கீப்பர் அதைப் பார்த்த வேகத்தில் சாக்கைத் திருப்பிப் போட்டான். நான் விளக்கம் கேட்டு எழுதினேன். 'எங்கள் கூட்டாளித் தொழிற்சாலை இஸ்ரேலில் இருக்கிறது, அடுத்த முறை சாக்கை மாற்றிவிடுகிறோம்' என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் ஓரத்தில் முதலாளி பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, "கலாஸ்" என்றார், விஷயம் முடிந்தது என்று. சரக்கு வஃப்ராவுக்குப் போயிற்று. நான் இரண்டு தாளையும் துளையிட்டு ஃபைலில் கோத்தேன்.

பாய் இப்போது அந்த இரண்டையும் உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப ஒரு லெட்டர் அடி. அதே வருஷம், அதே மாசத் தேதி. சரக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், மொதலாளிகிட்ட மறைச்சுட்டேன், தப்பு என் தப்புதான்னு. கீழ உன் கையெழுத்து."

"என் கையெழுத்தா பாய்?"

"யார்ட்டயும் காட்டப்போறதில்ல. அது பாட்டுக்கு ஃபைல்ல கெடக்கும். எவனாச்சும் கிளறுனாத்தான்."

"கிளறுனா?"

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "உன் சம்சாரம் ஜெயபாரதிக்கும் புள்ளைக்கும் விசா இந்த மாசந்தான ரினீவல்? பாஸ்போர்ட்டு மூணும் என் டிராயர்லதான் இருக்கு. பத்திரமா இருக்கு." சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல்தான். மகள் ஸ்வாதிக்கு அந்த வாரம் ஆறாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

அடித்தேன். அந்த வருஷத்துப் பதிவேட்டில் எண்கள் நிரம்பியிருந்ததால் 212/அ என்று போட்டேன். பிரிண்டரில் தாள் வைக்கப்போகும்போதுதான் கை நின்றது. போன அக்டோபரில் குவைத் முழுக்கத் தொலைபேசி எண்கள் ஏழு இலக்கத்திலிருந்து எட்டாயின. எங்கள் எண்ணுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தது. அப்போதே புது லெட்டர்ஹெட் அச்சடித்துவிட்டோம். தாளின் அடியில் சின்ன எழுத்தில் எட்டு இலக்கம். பழைய கட்டு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது, சாவி என் இடுப்பில். 2004ஆம் வருஷத் தேதிக்குப் பழைய தாள்தான் முறை. எனக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பாய்க்குத் தெரியவில்லை. அவர் ஜன்னலோரம் நின்று போனில் கூடாரத்துக்கு நாற்காலி சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுத் தாளையே வைத்தேன். இந்தக் கடிதம் என்றைக்காவது கோர்ட்டுக்குப் போனால் 2004இல் இல்லாத அந்த ஓர் இலக்கம் எனக்காகப் பேசும். அதற்கு முன்னால் இவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பீரோவைத் திறந்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டேன். பாய் இரண்டு தடவை படித்தார். "நல்லாருக்கு. வா, நீயே வந்து குடு. அவர் உன்னைப் பாக்கணுங்குறாரு."

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து கூடாரத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்களைப் பக்கத்துச் சின்னக் கூடாரத்துக்கு அழைத்துப்போனார்கள். அபு மிஷாரி சாய்திண்டில் முழங்கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கிண்ணத்தில் காப்பி வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். படிப்பதற்கு முன் பாயிடம் அரபியில் ஏதோ கேட்டார்.

"பொண்ணு எந்த ஸ்கூல்னு கேக்குறாரு."

சொன்னேன். தலையை ஆட்டினார். பெயரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வெளியே யாரோ மைக்கை விரலால் தட்டினார்கள்.

அவர் வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கிறவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மோதிரம் போட்ட விரல் தேதியில் கொஞ்சம் நின்று, பிறகு இறங்கியது. என் கிண்ணம் நடுங்கியது. போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் காட்டுவது அங்கே வழக்கம். காப்பிக்காரர் குனிந்து அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். வெறும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தேன். விரல் என் கையெழுத்தைத் தாண்டியது. படிக்க அதற்குக் கீழே அந்த எட்டு இலக்கம் தவிர எதுவும் இல்லை. அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.