ஒரே ஒரு பெயருள்ள வருகைப் பதிவேடு

என் மகள் ஜீவிதாவை வெயிலில் முட்டி போட வைத்த டீச்சரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுத எனக்குக் கை கூசுகிறது. அதே பள்ளியில்தான் நானும் எட்டு வருடம் கணக்கு டீச்சர். "கணக்கு டீச்சர் பொண்ணுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரலியே" என்று நாலாம் வகுப்பு மொத்தத்தையும் சிரிக்க வைத்துவிட்டு, அவளைக் கொடிக்கம்பத்தடியில் முட்டி போடச் சொல்லியிருக்கிறாள். பெல் அடித்ததும் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மேசையில் ராஜினாமா எழுதி வைத்துவிட்டு, சேலையூருக்கு ஆட்டோ பிடித்தேன். 2005 ஆகஸ்டில் நடந்தது.

இனி எந்தப் பள்ளியும் வேண்டாம், வீட்டிலேயே நான் சொல்லித் தருகிறேன் என்று என் கணவர் தனசிங்கிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். நாவலூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

ஹாலில் கரும்பலகை மாட்டினேன். டைம்டேபிள் ஒட்டினேன். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம். பழைய யூனிஃபார்ம் இரண்டு செட் கிடந்தது, வீணாகக் கூடாதென்று அதையும் மாட்டிவிட்டேன். வருகைப் பதிவேடு கூட வாங்கினேன். "ஜீவிதா" என்பேன். "ப்ரசன்ட் மிஸ்" என்பாள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற சொந்தப் பிள்ளைக்கு அட்டெண்டன்ஸ் எடுத்த முட்டாள் தாம்பரம் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கீழ்வீட்டு ராஜகோபால் சார் படியில் மறித்துக் கேட்பார். "டி.சி. வாங்கிட்டீங்களாம்மா? அப்ப பொண்ணு ஃப்யூச்சர் என்ன ஆவுறது?" அவர் மகன் மூன்று வருடமாக அரியர் எழுதுகிறான், அந்தக் கவலை அவருக்கு இல்லை. அவர் காதில் விழட்டும் என்றே அலாரத்தை ஜன்னலோரம் வைத்தேன்.

நவம்பரில் ஒரு மழை நாள். பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். "மிஸ், பாத்ரூம்" என்றாள் ஜீவிதா. "பெல் அடிக்கட்டும்" என்றேன், பலகையிலிருந்து திரும்பாமலே. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், நாற்காலியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. "ஸாரி மிஸ்" என்றாள். அவள் வீட்டில், அவள் அம்மாவிடம்!

அலாரத்தை எடுத்துச் சுவரில் அடித்தேன். பதிவேட்டைக் கிழித்தேன். யூனிஃபார்ம் கரித்துணியாயிற்று. என் ஆத்திரத்தைப் பார்த்து அவள்தான் பயந்துபோனாள்.

அடுத்த வாரம் தனசிங் ஆபீசிலிருந்து பத்துப் பக்கம் பிரின்ட் எடுத்து வந்தார். வெளிநாட்டில் சில குடும்பங்களில் பாடமே நடத்துவதில்லையாம். பிள்ளை கேட்டால் மட்டும் சொல்லித் தருவார்களாம். "கேக்கவே இல்லன்னா?" என்று சீறினேன். "வெயிட் பண்ணணும், அமலா" என்றார் பெரிய ஞானி மாதிரி.

டைம்டேபிள் டிசம்பரில் போயிற்று. அறிவியலும் சமூக அறிவியலும் கிறிஸ்துமஸோடு போயின. கணக்கை மட்டும் விட மனசு வரவில்லை. தினம் பத்தே பத்துக் கணக்கு என்று பொங்கல்வரை இழுத்தேன். ஒருநாள் நோட்டை நீட்டியபோது அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அன்றோடு அதையும் விட்டேன்.

பிறகு அவள் எதையுமே கேட்கவில்லை. தூங்கினாள். பால்கனியில் நின்றாள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓடாத ரேடியோ ஒன்றை வாங்கித் தரச் சொல்லி, மூன்று வாரம் அதைக் கழற்றினாள். அப்புறம் சுவர்க் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி. எதையும் திரும்பப் பூட்டவில்லை. எனக்குக் கை துறுதுறுவென்று வரும். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டிக் கோபத்தைத் தீர்த்துக்கொள்வேன்.

ஏப்ரலில் ஞானிக்கு நடுக்கம் கண்டது. மேடவாக்கம் பக்கம் ஏதோ பள்ளியின் விண்ணப்பத்தோடு வந்து நின்றார்.

"சனிக்கிழமை என்ட்ரன்ஸ். அஞ்சாங் கிளாஸ்ல சேத்துடலாம்."

"வெயிட் பண்ணணும்னு சொன்னது யாரு?"

"இப்ப இவளுக்கு என்ன தெரியும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு பாக்கலாம்."

அந்த விண்ணப்பம் நிரம்பினால் பிள்ளை மறுபடி அதே வெயிலுக்குத்தான் போவாள். நிறுத்த என் கையில் ஒரு மார்க் கூட இல்லை.

தரையில் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிரித்துக்கொண்டிருந்த ஜீவிதா நிமிர்ந்தாள். "அப்பா, அங்க என்னை முட்டி போட வெச்சா, நாவலூர்லேர்ந்து வர உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனா அப்படியெல்லாம் யாரும் செய்ய மாட்டாங்கடா. அன்னிக்கே அம்மா உடனே ஓடி வந்துட்டாங்கல்ல?"

"அம்மா உடனே வரல," என்றாள். குரலில் குறையே இல்லை. "கிளாஸ் ஜன்னல்லேர்ந்து என்னைப் பாத்தாங்க. அப்புறம் திரும்பி போர்டுல எழுதினாங்க. பெல் அடிச்சப்புறம்தான் வந்தாங்க."

தனசிங் என்னைப் பார்த்தார். ஜீவிதா சொன்னது நிஜம். இருபது நிமிடம். வகுப்பைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது என்று நின்றேன். அந்த டீச்சர் மேல் இத்தனை நாள் கொட்டிய கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது. தெரிந்துதான் அவள் மேல் கொட்டினேன்.

விண்ணப்பத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கசக்கினேன். "எங்கயும் போகமாட்டா" என்றேன். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. கடைசியில் பிள்ளை மேலேயே பாய்ந்தேன்.

"இத்தனை மாசமா மனசுல வெச்சிருந்தியே, ஏண்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

ஜீவிதா என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் கிளாஸ் எடுத்துட்டே இருந்தீங்களே" என்றாள்.