வயிறு நிறைந்தால் நிற்கும் வண்டி

பெட்ரோல் தீர்ந்து நிற்கிற வண்டியைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் டாட்ஜ் வண்டியோ பெட்ரோல் நிறைய இருந்தால்தான் நின்றது. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

டாங்கில் பாதி இருக்கும்போது செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போய், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு செருமல்கூட இல்லாமல் திரும்பி வரும். டாங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், வளத்தி தாண்டி ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் இருமும், குலுங்கும், நின்றுவிடும். நான் இறங்கி, பெட்ரோல் மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்ப்பேன். குச்சி முழுக்க நனைந்து வரும். மூடியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் கொஞ்சம் முரண்டுபிடித்துப் பிறகு கிளம்பிவிடும். இந்தக் கூத்து மாசி மாதம் தொடங்கியது. சித்திரை வந்தும் தீரவில்லை.

அது யுத்த காலத்துப் பட்டாளத்து வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டிகளை மதராஸில் ஏலம் விட்டபோது எண்ணெய்க் கடை சொக்கலிங்கம் முதலாளி எடுத்து வந்தார். பச்சைக்கு மேல் நீல வர்ணம் அடித்தார். நீலம் உரிந்த இடங்களில் பச்சை எட்டிப் பார்க்கும்.

வண்டியை வாங்கினாரே தவிர ஓட்ட ஆளில்லை. நான் சிங்கவரத்தில் பிறந்தவன். சொந்த நிலம் கிடையாது. பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸோடு ஊர் திரும்பி, பதினோரு மாதம் மறுபடியும் அடுத்தவர் கழனியில் மண்வெட்டி பிடித்திருந்தேன். முதலாளி கூப்பிட்டு அனுப்பிய நாளிலிருந்து நான் டிரைவர். என் நைனாகூட நாலு பேர் முன்னால், "நம்ம டிரைவர் சாப்டாச்சா?" என்றுதான் என் வீட்டுக்காரி மாரியம்மாளிடம் கேட்பார். ஒரு பழைய வண்டி ஒரு மனிதனுக்கு இவ்வளவு செய்யும்.

அது எனக்கு மட்டுமா செய்தது? போன ஐப்பசி மழையில் முதலாளியின் மனைவி வள்ளியம்மை அம்மாவுக்கு இடுப்பு வலி கண்டபோது பஸ் ஓடவில்லை. திண்டிவனம் ரோட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் இறங்குவதற்கு முன் நான் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வைத்தேன். கழற்றாவிட்டால் ஃபேன் சுற்றித் தண்ணீரை வாரி இன்ஜின் மேல் அடிக்கும். கரண்ட் போகிற ஒயர்கள் நனைந்து வண்டி நடு வெள்ளத்தில் நின்றுவிடும். முதல் கியரிலேயே, ஆற்றில் எருமை நடக்கிற மாதிரி போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வசந்தா என்று பேர் வைத்தார்கள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தன் கையால் வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். "இது இல்லன்னா நான் ஏது, கொழந்த ஏது" என்பார். நானும் தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்வேன்.

இப்போது அந்த வண்டிக்குத்தான் கேடு வந்திருந்தது. மெக்கானிக் தனகோட்டி கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பெட்ரோல் இழுக்கிற பம்பைப் பிரித்து உள்ளே இருக்கிற துணித்தோலை மாற்றினான். குழாயை வாயால் ஊதிப் பார்த்தான். எல்லாம் சரி. நிரப்பிக்கொண்டு போனேன். அதே பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"இன்னாப்பா, அந்தப் பாலத்துல யாரயாவது வெச்சிருக்கறியா?" என்றான் தனகோட்டி. "கரெக்டா அங்கயே நிக்குதே."

"உங்க அண்ணிகிட்ட சொல்றேன். அவ வந்து பதில் சொல்வா" என்றேன். சிரித்தோம். ஆனால் கடைத்தெருவில் அதே பேச்சு சிரிப்பில்லாமல் ஓடியது. டிரைவர் வேண்டுமென்றே நிறுத்துகிறான், வழியில் பெட்ரோலை இறக்கி விற்கிறான் என்றார்கள்.

முதலாளி அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பொறுமை போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது முறையாக அவலூர்பேட்டையில் மூட்டைக்காரர்களைக் காக்க வைத்தபின், கடை வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்:

"பெருமாளு, திருவண்ணாமலைக்காரன் ஒருத்தன் நாயித்துக்கெழம வரான். இன்ஜின கெணத்துல தண்ணி எறைக்க வெச்சிக்குவானாம். மீதிய ஒடச்சி இரும்புக்குப் போட்டுடுவான். நானும் எவ்ளோ நாளு பாக்கறது?"

"இன்னும் ஒரு வாரம் குடுங்க மொதலாளி."

"நீ குடுன்னு கேக்கறது சரி. வண்டி குடுக்க மாட்டேங்குதே."

இரண்டு நாள். அதற்குப் பிறகு டாட்ஜ் இரும்பு, நான் மண்வெட்டி. ராத்திரி சாப்பாட்டில் மாரியம்மாள், "வண்டிக்குக் கண்ணு பட்டுருக்குது. எலுமிச்சம்பழம் கட்டு" என்றாள். அதையும் கட்டினேன்.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் பின்கட்டுக்குப் போனேன். அம்மா புது எண்ணெய் டின் ஒன்றை உடைக்க வேண்டும், தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். டின்னைக் கல்மேடையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு மூலையில் ஓட்டை போட்டார். எண்ணெய் நூலாக வந்தது. பிறகு களுக் என்று ஒரு மடக்கு. பிறகு நின்றுவிட்டது. டின் நிறைய எண்ணெய், ஓட்டையும் இருக்கிறது, ஒரு சொட்டு வரவில்லை.

"கசடு அடச்சிக்கிச்சாம்மா?"

"அடைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத்தினி வருசம் எண்ணக் கடையில இருக்கற, இதுகூடத் தெரியலயா டிரைவரே?" அம்மா எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டார். "காத்து உள்ள போனாத்தான எண்ண வெளிய வரும். ரொம்பின டின்னுதான் இப்பிடி அடம் புடிக்கும். பாதி கொறஞ்ச டின்னு எப்பிடியும் ஊத்தும்."

எண்ணெய் கயிறு மாதிரி ஒழுக ஆரம்பித்தது. நான் டின்னைப் பிடித்தபடியே நின்றேன். ரொம்பின டின்னுதான் அடம் பிடிக்கும்.

டாங்கும் ஒரு டின்தானே. பம்ப் பெட்ரோலை இழுக்க இழுக்க, காலியான இடத்துக்குக் காற்று வர வேண்டும். பாதி டாங்கில் ஏற்கெனவே நிறையக் காற்று இருக்கிறது. கொஞ்சம் பெட்ரோல் குறைந்தால் அந்தக் காற்று விரிந்து சமாளித்துக்கொள்ளும். வாய்வரை நிரப்பிய டாங்கில் இருப்பது ஒரு டம்ளர் காற்று. அது எவ்வளவுதான் விரியும்? பம்ப் ஒரு பக்கம் இழுக்கும், டாங்க் மறுபக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வளத்திப் பாலம் வரும்போது டாங்க் ஜெயித்துவிடும். நான் குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்தபோதெல்லாம் உஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. வெயிலில் பெட்ரோல் ஆவி வெளியே வருகிறது என்று நினைத்தேன். ஆவி வெளியே வரவில்லை; காற்று உள்ளே போயிருக்கிறது. வண்டியை ஒவ்வொரு முறையும் கிளப்பியது அந்த உஸ்தான்.

அப்படியென்றால் காற்று போக டாங்க்குக்கும் ஒரு இரண்டாவது ஓட்டை இருந்திருக்க வேண்டும். அது எங்கே?

"டின்ன வெச்சிட்டுப் போய்யா" என்று அம்மா சொன்னது பின்னால் கேட்டது. நான் வண்டியிடம் போய்விட்டேன்.

பெட்ரோல் மூடி ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் நட்டநடுவில் நேற்றைய சந்தனப் பொட்டு, அதற்கு மேல் குங்குமம். நகத்தால் சுரண்டினேன். அதற்கடியில் போன வாரத்துச் சந்தனம். அதற்கடியில் அதற்கு முந்தின வாரத்துச் சந்தனம், காய்ந்து மரம்போலக் கெட்டிப்பட்டிருந்தது. எல்லாம் வந்தபின் தகட்டில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. சட்டையில் பித்தானுக்குப் பதில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மூடியை எடுத்து அடிப்பக்கமிருந்து நுழைத்தேன். மஞ்சளாக ஒரு சின்னக் கட்டி வெளியே விழுந்தது. மூடியைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

அம்மா பின்னால் வந்து நின்றிருந்தார். இடுப்பில் வசந்தா. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நன்றி சொல்லி வைத்த பொட்டு அது.

"மின்னாடி பானட்டு மேல வெப்பீங்க இல்லம்மா?"

"சூட்டுல காஞ்சி உதுந்துடுது. தை முடிஞ்சதும் இங்க மாத்தினேன். வாயி இதுதான, சாப்பிடற எடம். சூடும் இல்ல, பொட்டு நெலச்சி நிக்குது." பிறகு என் கையிலிருந்த ஊக்கையும் மூடியையும் பார்த்தார். எண்ணெய்க் கடைக்காரி, அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அய்யய்யோ. நானா மூச்ச அடச்சேன்?"

"நீங்கதான் தெறந்தும் விட்டீங்க. அந்த ரெண்டாவது ஓட்ட."

முதலாளி நம்பவில்லை. டாங்கை வாய்வரை நிரப்பி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மத்தியான வெயிலில் கிளம்பினேன். வளத்தி வந்தது. முதலாளி கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் மூச்சுவிடவில்லை. பாலம் வந்தது, சக்கரத்துக்கடியில் தடதடத்தது, போய்விட்டது. இன்ஜின் சத்தம் மாறவில்லை. அவலூர்பேட்டையில் திருப்பி, மறுபடியும் பாலத்தைத் தாண்டி, பொழுது இருக்கும்போதே செஞ்சிக் கடைத்தெருவில் நிறுத்தினேன்.

முதலாளி இறங்கி, பெட்ரோல் மூடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வாசலில் நின்ற அம்மாவிடம், "ஏண்டி, சாமிக்கே மூக்குல பஞ்சு வெச்சவ நீதான்" என்றார்.

"வித்துடலாம்னு நின்னவரு பேசறாரு" என்றார் அம்மா. "திருவண்ணாமலைக்காரனுக்கு ஆள் அனுப்புங்க மொதல்ல, வர வேணாம்னு."

ஆள் போனான். நான் சைக்கிளை எடுப்பதற்கு முன் வண்டியின் நெற்றியில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றேன். இன்னும் சூடாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "எங்க வெக்கட்டும்? நீயே சொல்லு டிரைவரே" என்று கேட்டார். மூடியைத் துடைத்துக் காட்டினேன். நடுவில் இருக்கும் ஓட்டையைத் தொடாமல், இரண்டு விரல் தள்ளி, மூடிக்கு வெளியே உடம்புத் தகட்டில் பொட்டு வைக்க வேண்டும். வைத்த பிறகு ஓட்டையில் ஒருமுறை ஊக்கு விட்டு எடுக்க வேண்டும். இவ்வளவுதான். வண்டி பிறகு அந்தப் பாலத்தில் நிற்கவில்லை.