கிளிப்பச்சைக்கு யார் பொறுப்பு?

பானெட்டைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் சடையன், உள்ளே எதையும் தொடாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்மா. இன்ஜினப் பிரிக்கணும். பத்து நாளாவது ஆவும்." சாயப் பட்டறை வாசலில் கலைமகளின் பிக்கப் வண்டி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே, முள்ளிப்பட்டுத் தறிகளுக்குப் போகவேண்டிய பட்டு நூல் பாவுகள் காத்திருந்தன. பத்து நாள் என்று காதில் விழுந்ததும் பட்டு வியாபாரி மாணிக்கவேல் முதலாளியின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. யாரைக் கூப்பிடப் போகிறார் என்பது கலைமகளுக்குத் தெரியும். முதலாளியின் மச்சான் சிவகுமார் புது வண்டி எடுத்ததிலிருந்து அவளுடைய முள்ளிப்பட்டு ஓட்டத்தின் மேல் இரண்டு பேருக்கும் ஒரு கண். ஒரே ஒரு நடை அந்த வண்டியில் பாவு ஏறினால் போதும். அப்புறம் அது இறங்காது.

ஆரணிக் கடைத்தெருவில் முதலில் சொல்லப்படும் விலைக்கு ஒரே வேலைதான், எதிரில் நிற்பவர் விவரமானவரா என்று தட்டிப் பார்ப்பது. சடையனுடைய ஹெட் கேஸ்கெட்டும் அந்த ரகம். வண்டி சூடேறினாலும் ஹெட் கேஸ்கெட், புகைத்தாலும் ஹெட் கேஸ்கெட். ஹாரன் அடிக்கவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பான். கலைமகள் தேசூர்ப் பக்கத்துக்காரி. சொந்தமாகப் பிடி மண் இல்லாமல், அடுத்தவர் கழனியிலேயே குனிந்து நிமிர்ந்த குடும்பம். பேரம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. பட்டு வியாபாரிகளுக்கு வண்டி ஓட்டி ஓட்டி, சாயம் மாதிரி ஒட்டிக்கொண்டது. துவைத்தாலும் போகாத சாயம்.

"எத வச்சிண்ணா சொல்ற?"

"போன வாரந்தான கூலண்ட் ரொப்பன? பாட்டிலு காலி. வெளிய எங்கியும் ஒழுவுற மாரி தெரியல. அப்ப இன்ஜினுக்கு உள்ளதான் போவுது."

"உள்ள போனா ஆயிலு மோரு மாரி வெளுத்துகினு வரணுமா இல்லியா?" ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். கன்னங்கரேலென்று இருந்தது. "வெள்ளப் பொகையும் வரல."

"சில கேசுல தெரியாதும்மா."

"தெரியாததுக்கு எதுக்குண்ணா பேரு வச்ச?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "பேஜாரு பண்ணாதம்மா. தறிக்காரங்க பாவு இல்லாம ஒக்காந்துகினு கீறாங்க. உங்க பக்கத்து ஆளுங்களுக்கு இந்த வண்டி வாசியெல்லாம் ராசியில்ல, வுட்டுடு. நான் மச்சானுக்குச் சொல்லிடறேன்."

பக்கம் என்று அவர் சொன்னது வெறும் திசையை அல்ல என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சடையன் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்ஜினுக்கு ஆளுங்களத் தெரியாதுங்க மொதலாளி. தண்ணி கீதா இல்லியான்னு மட்டுந்தான் தெரியும்" என்றாள் கலைமகள். "பொழுது சாயற வரைக்கும் போனு பாக்கெட்லயே இருக்கட்டும். பாவு என் வண்டிலதான் போவும்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். அந்தக் கவலையை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்த நேரம் பார்த்து, சத்தம் கேட்டுப் பட்டறைக்குள்ளிருந்து சாயக்காரர் அய்யாக்கண்ணு வெளியே வந்தார். ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் தினம் சண்டை. அவள் வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலேதான் ஈர நூலை மூங்கிலில் உலரப் போடுவார். இந்த முகூர்த்தத்துக்குக் கிளிப்பச்சை பார்டர் கேட்காத கல்யாண வீடே இல்லை. வண்டிக்கு அடியில் தரையெல்லாம் பச்சை, பம்பரெல்லாம் பச்சை. சாயங்காலமானால் ஒரு குடம் தண்ணீர், கூடவே ஒரு குடம் திட்டு.

"யோவ், உன் பச்சையால என் வண்டி ஒழுவுதா இல்லியான்னுகூட தெரிலய்யா! தரையப் பாரு!"

அய்யாக்கண்ணு இரண்டு கைகளையும் நீட்டினார். முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு. "நல்லாப் பாத்துக்க. ஒரு வாரமா அரக்குதான் முக்கிகினு கீறேன். பச்ச ஆர்டரு எப்பவோ முடிஞ்சிபோச்சு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூங்கிலில் வரிசையாக அரக்கு. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பம்பருக்கு அடியில், தட்டு அகலத்துக்கு, ஈரம் காயாத கிளிப்பச்சை.

இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்டும் அதே பச்சை. கடைக்காரர் பச்சையா சிவப்பா என்று கேட்டபோது அவள் வாயால் கேட்டு வாங்கியது. சிவப்பு வாங்கியிருந்தால் அதையும் அரக்கு என்று அய்யாக்கண்ணு தலையில் கட்டியிருப்பாள். தன் வண்டியின் ரத்தத்தைத் தானே தினமும் கழுவிவிட்டு, அடுத்தவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம்: வெளியேதான் ஒழுகுகிறது!

"சரி, வெளியதான். எங்கேர்ந்து?" என்றான் சடையன். "ஃபேன் காத்துல எல்லாத்து மேலயும் தெளிச்சி வச்சிகீது. எங்க பாத்தாலும் பச்ச."

கலைமகளின் கண் பட்டறைக்குள் போனது. சாயம் காணாத வெள்ளைப் பட்டு ஒரு கூடையில் கிடந்தது. "அதுல கொஞ்சம் கழிவு நூலு குடுய்யா."

"குடுக்கறேன். ஒரு மாசமா திட்டனத வாபஸ் வாங்கு."

"பாதி வாபஸ்."

"மீதி?"

"மொதல்ல கொஞ்ச நாளு நெசமாவே உன் பச்சதான சொட்டுச்சு? அது அப்படியே இருக்கட்டும்."

அய்யாக்கண்ணு சிரித்துவிட்டார். நூல் வந்தது.

இன்ஜின் ஆறியதும் சடையன் எல்லாவற்றையும் துடைத்தான். கூலண்ட் ஓடும் ரப்பர் ஓஸ் சேரும் இடமெல்லாம் அவள் ஒவ்வொரு வெள்ளை இழையாகச் சுற்றி இறுக்கி, ஃபேனில் சிக்காதபடி வாலை ஒட்ட நறுக்கினாள். கூலண்டை ஊற்றி ஸ்டார்ட் செய்தாள். சூடு ஏற ஏற எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. சடையன் "நான் அப்பவே…" என்று ஆரம்பித்தான்.

"கீழ் ஓஸு!" என்று ஒரு கத்தல். மாணிக்கவேல் முதலாளி. "அங்க பாரு, வலது பக்கம்! நிறம் வாங்கிகிச்சு!"

ஆறு கெஜப் புடவையில் ஒரு இழை மாறினாலும் பிடித்து, நொட்டை சொல்லி நெசவாளியை மடக்கும் கண் அது. பழக்கதோஷம், யாருக்கு லாபம் என்று பார்க்காமல் வேலை செய்துவிட்டது. கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. மெதுவாகத் தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

கிளாம்புக்கு அடியில் ஓஸ் வெடித்திருந்தது. சூடேறி அழுத்தம் வந்தால்தான் கசியும் வெடிப்பு. சடையன் புது ஓஸ் மாட்டி முடித்து, "இருந்தாலும் ஹெட்டயும் ஒருக்கா பாத்துட்டா…" என்றான்.

"முடிஞ்ச பேரத்த மறுபடி ஆரம்பிக்காதண்ணா."

புது ஓஸ் மேல் புதிதாக ஓர் இழையைச் சுற்றினாள். முதலாளி தானும் வருவேன் என்றார். "வழியில பச்ச தெரிஞ்சா, நாளையிலேர்ந்து மச்சான் வண்டிதாம்மா."

"தெரியலன்னா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா நம்ம ஊர்ல இன்னா அர்த்தம்னு எனக்கும் தெரியுங்க. தெரியலன்னா ஓட்டம் என்னுது. சொல்லிட்டு ஏறுங்க."

ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அவர் நின்றார். "சரிம்மா, ஓட்டு" என்றார். எதற்குச் சரி என்று அவள் பிரித்துக் கேட்கவில்லை. கியரைப் போட்டாள். வழியெல்லாம் அவர் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம், நடுநடுவே பாவுக்குக் காத்திருக்கும் வீடுகளின் மௌனம். பானெட்டைத் தூக்கி, இழையை வெட்டி எடுத்து முதலாளியின் கையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெயிலில் பிடித்து, கட்டை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"தூசி கீது."

"அத ரோடு போட்டவங்களக் கேளுங்க."

பையில் போன் அடித்தது. வெளியே எடுத்துப் பார்த்தார். சிவகுமார் என்ற பெயர் மின்னி மின்னி அழைத்தது. கலைமகள் பானெட்டை ஓங்கிச் சாத்தினாள். எதிர்வீட்டுத் தறிச்சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. தார்ப்பாயை விலக்கி, ஒரு பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு முதல் வீட்டுப் படியேறினாள்.

"யாருங்க அது? பாவு வந்துடுச்சா?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"வந்துடுச்சு. கலைமகள் வண்டி!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

பின்னால் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியின் ஒரு கையில் அது. இன்னொரு கையில், விரல்களுக்கு நடுவே, காற்றில் படபடத்துக்கொண்டு அந்த வெள்ளை இழை.