பத்து சென்டிமீட்டர் சதுரம்

முதலாளியின் மாப்பிள்ளை தையற்கூடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸைப் போட்ட நாளிலிருந்து, கட்டிங் அக்காவுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. அவருக்கு அவள் வைத்த பெயர் விஞ்ஞானி.

சட்டை அளவுகளை வரைகிற பழைய சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டுமே ஓடும். லினக்ஸை ஏமாற்றி அதை ஓட வைக்க, இடையில் இன்னொரு சாஃப்ட்வேரைப் போட்டு மாப்பிள்ளை மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று நர்சுகளின் சீருடையை வெட்ட வேண்டும். அந்த நீலத்தில் இருந்தது ஒரே ஒரு சுருள். மில் அந்த நிறத்தையே நிறுத்திவிட்டது. "துணி பாழாச்சுன்னா நீ வேற இடம் பாத்துக்கம்மா" என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு ஓடும்க்கா" என்றார் மாப்பிள்ளை.

"ஓடட்டும் மாப்பிள்ளை. எங்கயாவது ஓடிப்போய் அதாவது நிம்மதியா இருக்கட்டும்."

தையல் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் ஓடிவிட்டது. எழுத்து பொடியாகத் தெரிகிறதென்று மாப்பிள்ளை அமைப்பில் எதையோ தட்டிப் பெரிதாக்கினார். பிரிண்டர் அளவுத்தாளை மடமடவென்று தள்ளியது. அவர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாளின் மூலையில் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று அச்சாகும். அளவுகள் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்று அதை டேப்பால் அளந்த பிறகே கத்தி துணியைத் தொடும். பதினோரு வருட வழக்கம். ஓடவே ஓடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், இப்போது இந்த ஆள் பார்த்திருக்கக் குனிந்து அளப்பதா? சுருள் முழுவதையும் முப்பது அடுக்காக விரித்து, தாளை வைத்து, ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினாள்.

முதல் சட்டையின் முன்பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று எட்டவில்லை. திரையில் எழுத்தைப் பெரிதாக்கியதில் தாளில் அளவுகள் சிறுத்திருந்தன.

முதலாளி வந்தார். "சதுரத்தை அளந்தியா?"

அளந்தேன், பிறகு மாப்பிள்ளை எதையோ மாற்றிவிட்டார் என்றால் போதும், வேலை தப்பிவிடும். போயும் போயும் இந்த ஆளின் முதுகுக்குப் பின்னாலா ஒளிவது?

"அளக்கலைங்க."

முதலாளி வாசலைக் காட்டினார். அவள் படியில் கால் வைக்கும்போது பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது:

"எந்தச் சதுரம் மாமா?"

குனிந்து அளந்திருந்தாலும் விஞ்ஞானிக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது. தெருவுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே இறங்கினாள்.