நீல டப்பா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் உப்புக்கும் கொழுப்புக்கும் தடை விழுந்தது. தடை போட்டவள் மனைவி. மனிதர் நல்லபிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் வேலை முடிந்ததும் பஸ் நிறுத்தத்துத் தள்ளுவண்டியில் சாசேஜ் தின்றார். தின்ற வாசனை தெரியாமலிருக்க, சமையலறை பாட்டிலிலிருந்து காலையிலேயே இரண்டு கிராம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு வருஷமாக நடந்த திருட்டு. அவளுக்கு மூக்கும் கிடையாது, சந்தேகமும் கிடையாது என்று உள்ளூரப் பெருமை வேறு.

வண்டிக்காரர் இவருக்கு மட்டும் ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் நீல டப்பாவிலிருந்து எடுத்துச் சுடுவார். பழைய வாடிக்கை என்பதால் தனி மரியாதை என்று இவர் வேலையிடத்தில் பீற்றிக்கொண்டதும் உண்டு. ருசிதான் கொஞ்சம் மட்டம்.

மனைவி போய் இரண்டு வாரமாகிறது. காலையில் டீ போட்டவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். இவர் இதயத்துக்குக் காவல் இருந்தவளின் இதயம் நின்றுபோனது. இதெல்லாம் என்ன நியாயமோ! அதைவிட அவரை அரித்தது வேறொன்று. கடைசிவரை அவளை ஏமாற்றிவிட்டோமே, ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் மாய்ந்தார்.

இந்த வெள்ளிக்கிழமை காலை பழக்கதோஷத்தில் கிராம்பு பாட்டிலைக் கவிழ்த்தார். எப்போது கவிழ்த்தாலும் இரண்டு மூன்று விழும். இன்று ஒன்றும் விழவில்லை. சாயங்காலம் கால் தானாக வண்டிக்குப் போனது.

"என்னங்கய்யா, ஆளையே காணோம்?" என்ற வண்டிக்காரர், நீல டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். "கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டுதான் மிச்சம் இருக்கு. இதுக்குள்ள கொண்டாந்திருப்பாங்களே."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. உப்பு, கொழுப்பு கம்மியானதா அவங்களே தேடி வாங்கிட்டு வந்து குடுப்பாங்க. 'சட்டைக் கையில சாஸ் கறைய வச்சுக்கிட்டு என்கிட்டயே கதை விடறாரு. விடுங்க, ஆசைக்குத் திங்கட்டும்'னு சிரிப்பாங்க. சப்புன்னு இருக்குன்னு நீங்க சண்டை போட்டதச் சொன்னேன். அடுத்த தடவை மிளகு போட்டதா பாத்து வாங்கிட்டு வந்தாங்க."

மெக்கானிக் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவ போயிட்டாப்பா."

வண்டிக்காரர் நீல டப்பாவை மூடி வைத்தார். மற்றவர்களுக்குச் சுடும் தட்டிலிருந்து கொழுப்பு மினுங்கும் ஒன்றை இடுக்கியால் எடுத்தார். "இன்னிக்காவது நல்லதா ஒண்ணு சாப்பிடுங்கய்யா."

"வேணாம். டப்பாவில இருக்கறதையே போடு."

"ரெண்டையுமா?"

"ஒண்ணு போதும். இன்னொண்ணு இருக்கட்டும்."

அதே உப்பில்லாத ருசி, கடைசியில் லேசாக மிளகுக் காரம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் அழுதார். எப்படியோ தின்று முடித்ததும் கை வழக்கம்போல் சட்டைப் பைக்குள் போய் வெறுமனே திரும்பியது.

அந்த பாட்டிலில் வாரம் தவறாமல் கிராம்பு போட்டு வைத்தது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.